மூன்று வருஷக் கணக்கு

கடல்வழிப் பிரயாணம் மகளிரோடு கூடியதன்று என்னும் கருத்துடைய சூத்திரம் ஒன்று தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் இருக்கிறது. அதன் பொருளைப் பற்றி உரையாசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டாயினும், பொருள் தேடிக் கடல் கடக்கும் ஆடவன் மனைவியைக் கரையிலே விட்டுச் செல்லவேண்டும் என்பதை எழுதாத சட்டமாகவே ஏற்றுக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷ காலம் தலைமுறை தலைமுறையாக அவ்விதமே வாழ்ந்துவந்த சமூகம் நம் நாட்டில் ஒன்று உண்டு. பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலுமாகப் பரவிக் கிடந்த, செட்டிநாடு எனப்படும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் குடியிருந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரே, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே, அவர்கள். அவர்களுடைய வியாபார சாமர்த்தியத்தைப் பற்றியும், கோயில் திருப்பணிகளைப் பற்றியும், தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் வீடுகளைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். அந்த வியாபாரம் முழுவதையும் தாங்கி நின்ற ஒன்றைப் பற்றி, கணவன் ஒரு கரையிலும் மனைவி மறு கரையிலுமாக இருந்து நடத்திய தாம்பத்தியத்தைப் பற்றி, எழுதப்பட்டது மிகவும் குறைவு.

இலங்கைக்கும் கல்கத்தாவுக்கும் முன்பே போய் வந்துகொண்டிருந்த இவர்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது பர்மா தேசம். 1852ஆம் வருஷத்து யுத்தத்தின் முடிவில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐரோப்பியச் சந்தைக்கு அரிசி ஏற்றுமதி செய்யும் வழி சுருங்கியதும், ஐராவதி நதியின் முகத்துவாரத்துச் சதுப்புக் காடுகளெல்லாம் வெட்டித் திருத்தப்பட்டு நெல் வயல்களாயின. காட்டைத் திருத்தும் குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் முதல் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்களின் பாங்குகள் அவனை ஏறெடுத்தும் பாராத காலத்தில் அந்த முதலைக் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1929-30இல் பர்மாவில் அமைக்கப்பட்ட பாங்கி விசாரணைக் கமிட்டியார், அம்மாகாணத்தில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் நடைபெறுவதாகக் கணக்கிட்டார்கள். கீழ்ப் பர்மாவில் ஜனங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், எந்தக் குடியானவனும் ஒரு நாள் பிரயாணத்தில் சென்றடையக்கூடிய தூரத்தில் ஒரு செட்டியார் இருக்கிறார் என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ரங்கூனில் மொகல் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு என்று கடைகள் வரிசை வரிசையாக எழுந்தன. கடை எழுந்த இடத்தில் தண்டாயுதபாணிக்குக் கோயிலும் எழுந்தது. பினாங்குக் கோயில் 1857இலும் சிங்கப்பூர் டாங்க் ரோட்டுக் கோயில் 1859இலும் ஏற்பட்டவை. இந்த 1,650 கடைகளிலும் வேலை பார்த்தவர்களை, கடையை நடத்திய மேலாள், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாள், தொழில் பழகிய பெட்டியடிப் பையன் ஆகியவர்களை நினைத்துப் பார்ப்போமாயின், அவர்களில் விவாகமானவர் ஒவ்வொருவருக்காகவும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கோட்டையூரிலோ ஒரு பெண் காத்திருந்தாள் என்பதையும் உடன் நினைக்கவேண்டும். கமிட்டியாரின் அறிக்கையில் அவளுக்கு இடமில்லை.

வெளியூர் சென்று வியாபாரம் செய்வதைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்பது அவர்கள் வழக்கு. கொண்டுவிக்கப் போகிறவருக்கும் முதலாளிக்கும் ஏற்படும் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு உரியது. சம்பளம் மூன்று வருஷத்துக்கும் சேர்த்துப் பேசப்படும். அதில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குக் கிடைக்கும். கெடு முடிந்ததும் புதிதாக வந்த மேலாளிடம் பேரேடு, பத்திரங்கள், பாக்கிகள் யாவற்றையும் ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பவேண்டும். பின்பு சில மாதங்களோ அதற்கு மேலோ வீட்டில் தங்கியிருந்து, மறுபடியும் மற்றொரு மூன்று வருஷத்துக்குக் கப்பலேறுவது நடைமுறை. பதினாறு பதினேழு வயதில் புறப்பட்டவர் ஐம்பதைக் கடந்த பிறகே ஓய்ந்து உட்காருவார் என்றால், அந்த வாழ்க்கையில் மனைவியோடு கூடியிருந்த காலத்தைத் தனியே எடுத்துச் சேர்த்தால் அது எவ்வளவு சொற்பமாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வயதை வரிசையாகக் கேட்டால், தகப்பனார் எந்தெந்த வருஷம் கப்பலிலிருந்து இறங்கினார் என்பதைச் சொல்லிவிடக்கூடிய வீடுகள் செட்டிநாட்டில் பல இருந்தன.

மனைவியை ஏன் உடன் அழைத்துச் செல்லவில்லை என்னும் கேள்விக்கு விடை ஒன்றன்று. செலவு ஒரு காரணம். அந்நிய தேசத்தில் ஆசாரம் கெடும் என்ற அச்சம் மற்றொன்று. ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் ‘கிட்டங்கி’ என்று பெயர் பெற்ற நீண்ட கூடங்களில் பல கடைகளின் மேலாட்கள் ஒன்றாக உட்கார்ந்து தொழில் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வுப் பெட்டி, அதன் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி, அமர்வதற்கு ஒரு பாய், இராக்காலத்தில் அந்தப் பாய் விரிந்த இடமே படுக்கை, சமையல் பொதுவில். அத்தகைய இடத்தில் ஒரு குடும்பம் நடத்துவது சாத்தியமில்லை. ஆனால் இவற்றையெல்லாம்விட வலிய காரணம் ஒன்று இருந்தது என்பது என் அபிப்பிராயம். நகரத்தாரின் வியாபாரம் நம்பிக்கையின்மேல் நின்றது. பெருந்தொகை கையாளும் மேலாள் ஒருவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் முதலாளியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறார். அவருடைய மனைவி, மக்கள், வீடு, கோயில் புள்ளி என்னும் குடும்பக் கணக்கு, நாளைய விவாக சம்பந்தங்கள் யாவும் செட்டிநாட்டில் இருக்கும் வரையில் அவரும் செட்டிநாட்டுக்கு உரியவரே. வீட்டில் இருந்த பெண், தான் அறிந்தோ அறியாமலோ, அந்த நம்பிக்கைக்குப் பிணையாக நின்றாள். அதே காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னே போன ஏழைத் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு குடும்பமாகப் போனார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அங்கே தோட்டத்துக்குப் பெண்ணின் உழைப்பு தேவைப்பட்டது. இங்கே அவள் ஊரிலேயே இருப்பது தேவைப்பட்டது.

புறப்பாடு என்பது வீட்டில் மட்டும் நடக்கும் காரியமன்று. நல்ல நாள் பார்த்து, குலத்துக்குரிய நகரக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, பங்காளிகள் வீடுகளிலும் தாய்பிள்ளைகள் வீடுகளிலும் ஏறி இறங்கிப் பயணம் சொல்லிக்கொண்டு, பெரியவர்கள் கையால் விபூதி பெற்ற பிறகே வண்டியில் ஏறுவது சம்பிரதாயம். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல். வழியனுப்புவதற்கு ஊரே திரளும் அந்த வேளையில், கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை தனித்துப் பேசுவதற்கு மட்டும் சம்பிரதாயத்தில் இடம் வகுக்கப்படவில்லை. வீட்டின் அமைப்பிலேயே இந்தச் செய்தி எழுதியிருக்கிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து தெரு வரையில் ஓடும் வீட்டில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் தாராளமாக இடம் இருக்கும். விவாகமான ஒவ்வொரு மகனுக்கும் கிடைப்பது வளவைச் சுற்றியுள்ள வரிசையில் ஓர் அறை. மனைவி கொண்டுவந்த சீர்வரிசைச் சாமான்களும் அங்கேதான். அவர்களுடைய அந்தரங்கமும் அங்கேதான். கணவன் கப்பலேறிய மறுநாள் முதல் அந்த அறை பெரும்பாலும் பூட்டியே இருக்கும். சாவி அவள் முந்தானையில் இருக்கும்.

அன்றிலிருந்து அவர்களுக்கிடையே இருந்தது தபால் ஒன்றே. 1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்படும் வரையில் அது இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தபடியால், ரங்கூனிலிருந்து வரும் கடிதத்துக்கும் மதுரையிலிருந்து வரும் கடிதத்துக்கும் தபால் கட்டணம் ஒன்றுதான். 1879இல் கால் அணாத் தபால் அட்டை இந்நாட்டில் வந்ததும், தூர தேசத்தில் இருப்பவரின் நாலு வரி எந்த ஏழைக்கும் எட்டக்கூடியதாயிற்று. சென்னைக்கும் ரங்கூனுக்கும் கப்பல் நாலைந்து நாள் ஓடும்; அதற்கு அப்பால் ஆற்றுப் படகும், இப்பால் ரயிலும் மாட்டு வண்டியும்; ஆக, ஒரு கேள்வி எழுதி அதற்கு விடை கைக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதிய கடிதத்தைப் படித்துத் தகப்பன் கலங்கும் நாளில் குழந்தை குணமாகித் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும், அல்லது அதற்கு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். 1933இல் ரங்கூனுக்கு விமானத் தபால் ஏற்பட்டது. வியாபாரக் கடிதங்கள் அதில் பறந்தன. வீட்டுக் கடிதங்கள் பெரும்பாலும் கப்பலிலேயே வந்தன.

கடிதம் வந்துவிட்டால் மட்டும் அது மனைவிக்கு வந்ததாகிவிடாது. பிள்ளையார் சுழிக்கும் முருகன் துணைக்கும் கீழே, தகப்பனாரையோ தமையனாரையோ விளித்து, இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்றும் அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவேண்டும் என்றும் தொடங்கி, வட்டி, வரவு, நெல் விலை, உண்டியல், பங்காளி வீட்டு மொய் என்று ஓடும் அந்தக் கடிதத்தில், கட்டிய மனைவியின் பெயரைச் சொல்லி எழுதுவது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்ட காலம் அது. குழந்தைகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் என்று முடிவில் ஒரு வரி இருக்கும். யாரிடம் சொல்லவேண்டும் என்று அதில் இராது. கடிதத்தை மாமனார் முகப்பில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், அல்லது பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் படிப்பான். வளவுக்குள் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மருமகளுக்கு, அந்தக் கடைசி வரிக்காகவே முந்திய நாற்பது வரிகளும் வந்தன. சென்னை மாகாணத்தில் நூறு பெண்களில் ஐவருக்குக்கூட எழுத்தறிவு இல்லாதிருந்த 1921ஆம் வருஷத்தில், அவள் தானே எழுதுவது அபூர்வம். எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதுவித்தால், எழுதுகிறவருடைய காதுக்கு ஏற்ற வார்த்தைகளைத்தான் சொல்லமுடியும். இப்படியாக, கணவன் நெஞ்சிலிருந்து புறப்பட்டதும் மனைவி நெஞ்சிலிருந்து புறப்பட்டதும் மூன்றாம் மனிதர் ஒருவரின் வாய் வழியாகவோ கை வழியாகவோ சென்றே மற்றவரை அடைந்தன. செட்டிநாட்டுப் பெண்கள் பள்ளிக்கூடங்களைப் பற்றி எத்தனையோ பெருமைகள் பேசப்படுகின்றன. ஆனால் ஒரு பெண் தன் கணவனுடைய கடிதத்தைத் தானே பிரித்துத் தனியாக உட்கார்ந்து படிக்க முடிந்தது என்பதைவிடப் பெரிய பலன் வேறு எதையும் அக்கல்வி கொடுத்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடிதம் சொல்லாததைச் சாமான்கள் சொல்லின. கணக்கு முடித்து ஊருக்கு வருகிறவரிடமும், புதிதாகக் கப்பலேறுகிறவரிடமும் பொட்டலங்கள் கொடுத்தனுப்புவது இரு கரையிலும் இருந்த வழக்கம். இங்கிருந்து மாவடு, வற்றல், வடகம், ஊறுகாய், சாமி பிரசாதம். அங்கிருந்து பட்டு, அரக்குப் பூசிய மரவைகள், கவுனி அரிசி. ஒருவர் ரங்கூனிலிருந்து வந்து இறங்கினார் என்று தெரிந்தால், அவருடன் வேலை பார்த்தவர்களின் வீடுகளிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவரும் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறார், உடம்பு சற்றுப் பூசினாற்போல் இருக்கிறது, இப்போது காப்பி குடிக்கப் பழகிவிட்டார் என்று மாமியாரிடம் சொல்லுவார். மாமியாரிடம் சொல்லும் அச்செய்தி எவருக்காகச் சொல்லப்படுகிறது என்பது சொல்பவருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன் தம் மனைவியும் அவ்விதமே கதவோரமாக நின்று கேட்டிருப்பாள் என்பதை அவர் அறிவாரல்லவா? பிற்காலத்தில் போட்டோவும் சேர்ந்துகொண்டது. ரங்கூன் ஸ்டூடியோக்களில் அங்கவஸ்திரமும் விபூதியுமாக நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் இன்றும் அவ்வீட்டுச் சுவர்களில் முன்புறம் சாய்ந்து தொங்குகின்றன. தகப்பனை அந்தப் படத்தில் பார்த்தே அறிந்திருந்த குழந்தை, மூன்று வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கும் மனிதரைக் கண்டு அழுதுகொண்டு உள்ளே ஓடியது என்று சொல்லாத குடும்பமே செட்டிநாட்டில் இராது.

இனி, வீட்டில் இருந்தவளின் காரியத்தைப் பார்ப்போம். அவளைக் காத்திருந்தவள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது பெரிய அநியாயம். நகரத்தார் குடும்பங்களில் மகனுக்கு விவாகமானதும் அதே வீட்டுக்குள்ளேயே அவனைத் தனி அடுப்பாக ‘வேறு வைப்பது’ வழக்கம். வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று மாமனார் அளந்துவிட்டால், அதற்குள் குடித்தனம் நடத்துவது மருமகளின் பொறுப்பு. கணவன் கண்காணாத தேசத்தில் இருக்க, இருபது வயதுகூட நிறையாத பெண் தன் அடுப்பு, தன் குழந்தைகள், தன் வரவு செலவு, மாமியாருடைய முறைமைகள், நாத்தனாருடைய சீர்கள், பங்காளி வீட்டு நன்மை தீமைகள் யாவற்றையும் தன்னந்தனியாகத் தாங்கினாள். அவள் கொண்டுவந்த சீதனப் பணம் அவள் பெயரிலேயே கடையில் தவணைக்குப் போடப்பட்டு வட்டியோடு வளர்ந்தது; ஆச்சிமார் என்று அழைக்கப்பட்ட அப்பெண்களின் அந்தப் பணமும் சேர்ந்தே கடைகளின் முதலாக இருந்தது. ஆகவே பர்மாக் குடியானவன் வாங்கிய கடனில் ஒரு பங்கு, தன் கணவனை அந்தத் தேசத்துக்குக் கொடுத்திருந்த ஒரு பெண்ணின் கல்யாணப் பணமாகவும் இருந்திருக்கக்கூடும். வட்டியைக் கால் பைசா பிசகாமல் மனக்கணக்காகப் போடும் ஆச்சிமார் ஊருக்கு ஊர் இருந்தார்கள். நீண்ட பிற்பகல் வேளைகளில் வளவில் கூடி உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் முடைந்தார்கள். அந்தக் கொட்டான்களின் நுட்பத்தைப் பார்க்கும்போது, அத்தனை பொறுமைக்கு வேண்டிய காலம் எங்கிருந்து வந்தது என்னும் எண்ணம் எழாமல் இராது. தொட்டிலாட்டும்போது பாடிய தாலாட்டுகளில் கடல் கடந்து வியாபாரம் செய்யும் தகப்பனையும் அம்மான்மாரையும் வைத்துப் பாடினார்கள். கடிதத்தில் சொல்ல முடியாதது தாலாட்டில் தாராளமாக வந்தது. குழந்தைக்குப் பாடுவதை யார் தடுக்க முடியும்?

இந்தப் பிரிவை இரு கரையிலும் ஒரே நாளில் ஒரே விதமாக அநுஷ்டிப்பதற்கு அவர்களுக்கு ஒரு நோன்பு இருந்தது. திருக்கார்த்திகைக்குப் பின் இருபத்தொரு நாள் சென்று, சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில் எடுக்கும் பிள்ளையார் நோன்பு அது. முன்னொரு காலத்தில் மரக்கலத்தில் சென்ற நகரத்தார் புயலில் சிக்கித் திசை தெரியாமல் அலைந்தபோது, நாட்களை மறந்துவிடாதிருக்கும் பொருட்டு உடுத்திய வேட்டியிலிருந்து தினம் ஓர் இழையாக உருவிச் சேர்த்தார்கள் என்றும், இருபத்தொன்றாம் நாள் விநாயகர் அருளால் கரை சேர்ந்து அந்த இழைகளைத் திரியாகத் திரித்து ஏற்றி வழிபட்டார்கள் என்றும் அதற்குக் காரணக் கதை சொல்லுகிறார்கள். இன்றைக்கும் புது வேட்டியிலிருந்து இருபத்தோரிழை எடுத்துத் திரித்து, இனிப்பு மாவில் பதித்து, நெய் விட்டு ஏற்றி, பிள்ளையாரை வணங்கி, எரியும் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். வயிற்றில் பிள்ளை தாங்கியிருப்பவள் அந்தப் பிள்ளைக்காக இன்னோர் இழையும் எடுத்துக்கொள்ளுவாள். அந்த ஒரு மாலையில் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆடவர்கள் ஒன்றுகூடி இழை எடுத்தார்கள். செட்டிநாட்டு வளவுகளில் பெண்களும் குழந்தைகளும் இழை எடுத்தார்கள். நகரத்தாருக்கு விழாக்கள் எத்தனையோ உண்டு. ஆனால் கடலில் வழி தவறியவர்கள் நாளெண்ணிக் கரை சேர்ந்த கதையைச் சொல்லும் இந்த நோன்பு அவர்களிடையே இவ்வளவு உயிரோடு நிலைத்திருப்பதற்கு, அவர்கள் நடத்திய வாழ்க்கையே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வருஷத்து நோன்பு, இரண்டாம் வருஷத்து நோன்பு, மூன்றாம் வருஷத்து நோன்பு என்று மனைவி எண்ணிக்கொண்டு வந்தது கப்பலுக்கு எத்தனை நாள் என்பதைத்தானே?

எல்லாத் தாம்பத்தியமும் இந்தத் தூரத்தைத் தாங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் இரண்டாவது குடும்பம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டவர்கள் உண்டு. அச்செய்தி இங்கே காதோடு காதாக வந்து சேரும்; கேட்ட பெண் ஊராருக்கு முன்னால் கேளாதவள் போல நடந்துகொள்ளுவாள்; அங்கே இருந்த அந்தப் பெண்ணோ, கணக்கு முடிந்து கப்பலேறும் மனிதரை அதே துறைமுகத்தில் நின்று வழியனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு தனித்து நிற்பாள். இருவருடைய துயரத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் மனம் நமக்கு வேண்டும். பிள்ளையில்லாத வீடுகளில் ‘பிள்ளை கூட்டிக்கொள்வது’ நகரத்தாரிடம் மிகவும் சகஜமான வழக்கம். அதற்கு வேறு காரணங்கள் பல இருந்தாலும், இளமையின் பெரும்பகுதியைக் கடல் பங்கிட்டுக்கொண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இருபத்தொரு நாளையும் மூன்று வருஷத்தையும் எண்ணிப் பழகியவர்களுக்கு, எண்ணுவதற்கே வழியில்லாத ஒரு காலம் வந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனின்மேல் குண்டு வீசின. அடுத்த வருஷம் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் வீழ்ந்தன. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள், பர்மாவில் இருந்த லக்ஷக்கணக்கான இந்தியரோடு சேர்ந்து, தௌங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தாமு வழியாக இம்பாலுக்கும் மலையும் காடுமாக நடந்தார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் மலேரியாவுக்கும் இரையானவர்கள் பல்லாயிரம் பேர். மலேயாவில் இருந்தவர்களுக்கு நடந்து வரவும் வழியில்லை. தபால் நின்றது. பர்மாத் தேக்கினால் நிறைந்த வீடுகளுக்குள்ளே, கணவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாத பெண்கள் மூன்றரை வருஷம் குங்குமம் இட்டுக்கொண்டு நடமாடினார்கள். முன்பெல்லாம் பிரிவுக்கு ஒரு கெடு இருந்தது. துயரத்தைக் கெடு வைத்து வாங்கிக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து வந்தார்கள். அந்தக் கெடு போய்விட்ட பிறகு, ஜோசியர் வாக்கும், நடந்து வந்து சேர்ந்த எவரோ ஒருவர் சொன்ன அரைகுறைச் செய்தியும், வைரவன்பட்டியிலும் பிள்ளையார்பட்டியிலும் நேர்ந்துகொண்ட பிரார்த்தனைகளும் மட்டுமே கைப்பிடியாக எஞ்சின. 1945இல் தபால் திறந்தபோது பழைய தேதியிட்ட கடிதங்களும் புதுக் கடிதங்களும் கலந்து வந்தன. சில வீடுகளுக்கு ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகு பழைய உலகம் திரும்பவே இல்லை. 1930ஐ ஒட்டி வந்த விலை வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாகச் செட்டியார்களிடம் வந்து சேர்ந்த வயல்களை, 1948இல் சுதந்திரம் பெற்ற பர்மா, நில தேசியமயச் சட்டத்தினால் எடுத்துக்கொண்டது. தன் நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுடைய கண்ணால் பார்த்தால் அது நியாயமாகவும் இருந்தது. 1962இல் ராணுவ ஆட்சி வந்தது. அதையடுத்துப் பாங்குகளும் கடைகளும் சர்க்கார் வசமாயின. 1964 முதல் இந்தியர்கள் கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்ட சொற்பத்தோடு கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். அவ்விதம் கடைசியாக வந்தவர்களில் அறுபதைக் கடந்த முதியவர்களும் இருந்தார்கள். விவாகமாகி நாற்பது வருஷம் சென்ற பிறகு, திரும்பிப் போகும் தேதி என்ற ஒன்று இல்லாமல் மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்வது அவர்களுக்கு முதன்முறையாக வாய்த்தது. அது எளிதாக இருந்ததென்று நினைக்கவேண்டாம். அத்தனை வருஷம் அடுப்பையும் பெட்டிச் சாவியையும் பிள்ளைகளின் விவாகங்களையும் தானே நிர்வகித்து வந்த ஆச்சிக்கு, ஒவ்வொன்றையும் ஏன் என்று கேட்கும் ஒருவர் பட்டாலையில் வந்து உட்கார்ந்துகொண்டது புதிது. கிட்டங்கியில் பத்துப் பேர் நடுவே படுத்தெழுந்து பழகிய அவருக்கு, ஆளரவமற்ற பெரிய வீட்டின் பிற்பகல் புதிது. அவருக்கு எது பிடிக்கும் என்பதை அவள் மாமியார் சொன்னதைக் கொண்டு அறிந்திருந்தாள். அது அவருடைய பதினாறாம் வயதின் ருசி.

மலேயாவிலும் இலங்கையிலும் காரியம் வேறு விதமாகத் திரும்பியது. யுத்தத்துக்கு முன்பே அங்கொருவர் இங்கொருவராக மனைவியை அழைத்துச் செல்லத் தொடங்கியிருந்தார்கள். ஊரில் அதைப் பற்றிப் பேச்சும் எழுந்தது. யுத்தத்துக்குப் பின் அந்தப் பேச்சு ஓய்ந்தது. மூன்றரை வருஷம் செய்தியற்றுக் கிடந்த அநுபவத்துக்குப் பிறகு, கடலுக்கு இப்பால் இருந்துகொண்டு காத்திரு என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் துணிவு மாமியார்களுக்கே இல்லாமல் போயிற்று. 1926 முதல் கடலில் ஓடிக்கொண்டிருந்த ராஜுலா என்னும் கப்பலில், முன்பு ஆடவர்கள் மட்டுமே சாய்வுப் பெட்டியும் பாயுமாக ஏறிய நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து, கைக்குழந்தைகளோடும் அம்மி, உரல், இட்லிக் கொப்பறையோடும் இளம் பெண்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கணவன்மாரோடு பிரயாணமானார்கள். போய்ச் சேர்ந்ததும் அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் செய்த முதற் காரியம், ஊரில் இருக்கும் தாயாருக்கு, அவருடைய பெயரையே விலாசத்தில் எழுதி, ஒரு கடிதம் போட்டதுதான்.